கழற்றச் சொல்லாத கொலுசு

காஹாங் பக்கம் நான் பிறந்து வளர்ந்த செம்பனைத் தோட்டத்தில் எனக்கு எலும்பு டாக்டர் என்று பெயர். நான் டாக்டர் இல்லை, எக்ஸ்ரே எடுப்பவன் என்று எத்தனை முறை சொல்லியும் பலன் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் என் கழுத்தில் எந்த அட்டை தொங்கினாலும் அம்மாவுக்கு அது டாக்டர் அட்டைதான். கல்யாண வீடுகளில் நான் பந்தியில் உட்காருவதற்குள் யாராவது முழங்காலைக் கொண்டுவந்து என் எதிரே நீட்டிவிடுவார்கள். ஒரு மாமா தன் நெஞ்சு எக்ஸ்ரேயைச் சுருட்டி எடுத்து வந்து, மண்டபத்து விளக்குக்கு நேரே பிடித்து, இதில் என் இருதயம் எங்கே என்று கேட்டார். காட்டினேன். இவ்வளவுதானா என்று முகம் வாடி, மறுபடி சுருட்டிக்கொண்டார்.

இந்த மாதக் கடைசியோடு நம் மருத்துவமனையில் எனக்கு ஒன்பது வருடம் முடிகிறது. பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன். வயது முப்பத்திரண்டு. ஓய்வு பெற்றவர் தோரணையில் புத்தி சொல்ல இன்னும் தலை நரைக்கவில்லை. ஆனாலும் ஊழியர் மலரில், எக்ஸ்ரே பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்காக ஏதாவது எழுதச் சொன்னார்கள். இயந்திரத்தைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, அதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒன்று, நான் செய்த தவறு. அதை எழுதுகிறேன். அந்தக் குடும்பத்தின் பெயரையும் சில அடையாளங்களையும் மாற்றிவிட்டேன். தவறை மட்டும் மாற்றவில்லை.

இன்னும் நடக்கப் பழகாத ஒரு குழந்தைக்கு எலும்பு முறிந்தால், யாராவது அடித்தார்களா, முறுக்கினார்களா என்று டாக்டர்கள் கேட்டே ஆகவேண்டும். அப்போது நம்மிடம் ஒரு தாள் வரும். உடம்பிலுள்ள எல்லா எலும்பையும் தனித்தனியாகப் படம் எடுக்க வேண்டும். கை தனி, கால் தனி, மண்டை தனி, விலா தனி. இருபது படத்துக்குக் குறையாது. குழந்தையை மொத்தமாகப் படுக்கவைத்து ஒரே படமாக எடுத்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். அதை நான் சோம்பேறிப் படம் என்பேன். அதில் குழந்தை தெரியும், காயம் தெரியாது.

இந்த வேலையை எப்போதும் இரண்டு பேராகத்தான் செய்வோம். என் கூட்டாளி சலினா. நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். குழந்தை அசையாமல் இருக்க அவள் மலாயில் பாடுவாள், நான் தமிழில் பாடுவேன். அவள் பாடினால் பிள்ளைகள் தூங்கும். நான் பாடினால் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கும். அது ரசனை இல்லை, திகைப்பு. எதுவானாலும் படம் ஆடாமல் வந்துவிடும்.

அன்று காலை வந்த தாளில், ஐந்து மாதப் பெண் குழந்தை, இடது மேற்கை முறிவு என்று இருந்தது. பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஒரு வீட்டில், மெத்தையிலிருந்து உருண்டு விழுந்ததாகச் சொன்னார்களாம். அம்மா குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அப்பா சிங்கப்பூரில், வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு வருபவர். நலத்துறை அதிகாரியும் வார்டுக்கு வந்துவிட்டார். மற்ற எலும்புகள் சரியாக இருந்தால் சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம் என்று வார்டு டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்குப் போவதென்றால், மறுநாள் அம்மா வேலைக்குப் போகும்போது குழந்தை திரும்ப அதே பார்த்துக்கொள்ளும் வீட்டுக்குப் போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று எனக்கு இது மனதில் நிற்கவில்லை.

ஏனென்றால், நர்ஸோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்த அம்மாவை எனக்குத் தெரியும். கஸ்தூரி என்று வைத்துக்கொள்வோம். எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், வளர்ந்த பிள்ளை, தமிழ்ப் பள்ளியில் எனக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவர். என்னைப் பார்த்ததும் அவர் தோள் இரண்டும் இறங்கின.

"நீ மூணாம் லயத்துத் தம்பிதானே? அப்பாடா. நம்ம ஆளு இருக்க, இனி எனக்கு என்ன பயம்."

எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. அந்த விரிந்த நெஞ்சோடு மூன்று காரியம் செய்தேன். மூன்றும் தப்பு.

முதலாவது, இவர்களை எனக்குத் தெரியும், நீ முன்னால் நின்று எடு, நான் கூட நிற்கிறேன் என்று சலினாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நம்ம ஆளு என்று ஒருவர் நம்பி வந்திருக்கும்போது ஒதுங்கி நிற்பது துரோகம் மாதிரி பட்டது. இரண்டாவது, "ஒண்ணும் இருக்காதுக்கா, பயப்படாதீங்க" என்று சொன்னேன். படம் எடுக்கும் முன்பே சொன்னேன். என் அம்மா அங்கே இருந்திருந்தால் என் மகன் டாக்டர்தான் என்று எழுதிக் கொடுத்திருப்பார்.

மூன்றாவது, கொலுசு.

குழந்தையின் இரண்டு காலிலும் வெள்ளிக் கொலுசு இருந்தது. திருகு வைத்த, கனமான கொலுசு. நம் வீடுகளில் இதன் கதை உங்களுக்குத் தெரியும். கஸ்தூரி அக்காவுக்கு முதல் இரண்டு கர்ப்பமும் தங்கவில்லை. மூன்றாவதில் தங்கிப் பிறந்த இந்தப் பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் தோட்டத்து முனியாண்டி கோயிலில் வேண்டிப் போட்டது. முதல் பிறந்தநாள் வரும்வரை கழற்றுவதில்லை. என் அக்கா மகளுக்கும் இப்படித்தான் போட்டார்கள். அதனால் யாரும் சொல்லாமலே எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

கால் படம் எடுக்கும் நேரம் வந்ததும் சலினா கொலுசைத் தொட்டுக் காட்டி, இதைக் கழற்ற வேண்டுமே என்றாள். இது சாமி விஷயம், கழற்ற மாட்டார்கள் என்று மலாயில் சொல்லிவிட்டேன். அவள் உடனே கையை எடுத்துக்கொண்டாள். நம் நாட்டில் இது ஒரு நல்ல பழக்கம். பக்கத்து ஆள் சாமி விஷயம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டோம். அவள் நோன்பு இருக்கும்போது நான் அவள் எதிரில் தண்ணீர் குடிப்பதில்லை. நான் சாமி என்று சொன்னால் அவள் கொலுசைத் தொடுவதில்லை. அந்த மரியாதைதான் அன்று எங்கள் இருவர் கண்ணையும் மறைத்தது.

கொலுசை மேலே தள்ளிப் பார்த்தேன். குண்டுக் கால், நகரவில்லை. அப்படியே எடுத்தேன். சமய அணிகலன், கழற்ற இயலாது என்று குறிப்பும் எழுதினேன். அந்த வாக்கியத்தை எழுதியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர் நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இருக்கிறார். சீனப் பெண்மணி. ஒன்பது வருடமாக அவர் குரலை மட்டும்தான் எனக்குத் தெரியும், முகத்தைப் பார்த்ததில்லை. எப்போது போன் செய்தாலும் வாயில் ஏதாவது மென்றுகொண்டிருப்பார். பிஸ்கட்டா ஆப்பிளா என்று சலினாவுக்கும் எனக்கும் தினமும் வாக்குவாதம். நாங்கள் கண்டுபிடித்து வைத்திருந்த விதி இதுதான்: மென்றுகொண்டே பேசினால் படம் சரி. மெல்வதை நிறுத்தினால் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு போன் வந்தது. மெல்லும் சத்தமே இல்லை. அவர் பேசியது ஆங்கிலம், என் காதில் அது இப்படித்தான் விழுந்தது:

"கொலுசுக்கு அடியில என்ன இருக்கு?"

"கணுக்கால், டாக்டர்."

"அது எனக்கும் தெரியும்லா. அந்த எலும்பு எப்படி இருக்குன்னு கேக்கறேன்."

ஐந்து மாதக் குழந்தையின் காலை யாராவது பிடித்து முறுக்கினால், வெடுக்கென்று இழுத்தால், உடைவது பெரும்பாலும் எலும்பு வளரும் நுனிதான். கணுக்காலுக்குச் சற்று மேலே. பிஸ்கட்டின் மூலை உதிர்வதுபோல ஒரு சின்னத் துணுக்கு. இதை நான் படித்தவன், பரீட்சையில் எழுதியவன். கொலுசு உட்கார்ந்திருந்ததும் அதே இடத்தில்தான். எந்த இடத்தைப் பார்க்கச் சொல்லிக் குழந்தையை அனுப்பினார்களோ அந்த இடத்தை மட்டும் வெள்ளியால் மூடி, மற்றதையெல்லாம் அழகாக எடுத்து அனுப்பியிருந்தேன்.

"கழற்ற முடியாதுன்னு எழுதியிருக்கியே. யார் சொன்னது? அம்மாவா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கஸ்தூரி அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அவரிடம் கேட்கவே இல்லை. அவருக்காக நானே கேள்வி கேட்டு, அவருக்காக நானே பதிலும் சொல்லிவிட்டேன்.

நான்தான் முடிவு செய்தேன் டாக்டர் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வார்டு டாக்டரிடம் தான் பேசிக்கொள்வதாகவும், கணுக்கால் படம் வராமல் பிள்ளை வீட்டுக்குப் போகாது என்றும், போய் ஒழுங்காகக் கேட்டுவிட்டு வா என்றும் சொல்லி வைத்துவிட்டார். சலினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ அவங்கள கேட்டன்னு நெனச்சேன்" என்று மட்டும் மலாயில் சொன்னாள். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

வார்டு இரண்டாம் மாடியில். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினேன். ஏறும்போது என்னென்ன வசனம் யோசித்தேன் தெரியுமா? சாமி கோவித்துக்கொள்ளாது, பரிகாரம் செய்துகொள்ளலாம், பூசாரியிடம் நானே பேசுகிறேன். ஒரு வழக்கறிஞரைப்போலத் தயாராகிப் போனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். பையெல்லாம் கட்டி வைத்தாயிற்று. வீட்டுக்குப் போகும் முகம்.

யோசித்த வசனம் எதுவும் வாய்க்கு வரவில்லை. கால் படத்தைத் திரும்ப எடுக்க வேண்டும், கொலுசைக் கழற்றச் சொல்லி நான் காலையிலேயே கேட்டிருக்க வேண்டும், கேட்காதது என் தப்பு என்று சொன்னேன். என் தப்பால் குழந்தைக்கு இன்னொரு முறை கதிர் படும் என்பதையும் சொன்னேன். கைதானே அடிபட்டது, காலை எதற்குப் பார்க்கிறார்கள் என்று கேட்டார். எல்லா எலும்பையும் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறார்கள், அந்த இடம் மட்டும் தெரியவில்லை என்றேன். அது உண்மை. அதற்கு மேல் சொல்வது என் வேலை இல்லை.

அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கழட்டுன்னு சொல்லியிருந்தா அப்பவே கழட்டியிருப்பேனே தம்பி. முனியாண்டிக்கு எக்ஸ்ரேன்னா என்னன்னு தெரியாதா?"

பக்கத்துக் கட்டில் பாட்டியம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஒன்பது வருடத்தில் இவ்வளவு சுருக்கமாக யாரும் என் வாயை அடைத்ததில்லை.

ஆனால் திருகு இறுகிப்போயிருந்தது. நான் முயன்றேன், நர்ஸ் கத்தரிக்கோல் நுனியால் முயன்றார், நகரவில்லை. கடைசியில் அக்கா குனிந்து, குழந்தையின் பாதத்தைக் கையில் ஏந்தி, திருகைப் பல்லால் கடித்துத் திருப்பினார். இடது கொலுசு வந்தது. வலது காலைத் தொட்டதுமே குழந்தை வீறிட்டது.

"இந்தக் கால தொட்டாலே அழுவா. ரெண்டு வாரமா இப்படித்தான்" என்றார் அக்கா. "கொலுசு இறுக்குதுன்னு நெனச்சேன். பொறந்தநாளு வந்ததும் பெருசா மாத்திடலாம்னு இருந்தேன்."

நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அக்கா சொன்னதை அப்படியே எழுதி வார்டு டாக்டரிடம் கொடுத்துவிடும்படி மட்டும் நர்ஸிடம் சொன்னேன்.

கீழே அழைத்து வந்து எடுத்தோம். இந்த முறை நான் பாடவில்லை, சலினா மட்டும் பாடினாள். முதல் படம் திரையில் வந்ததும் அவள் பாட்டு பாதியில் நின்றது. வலது கணுக்காலுக்கு மேலே, எலும்பின் மூலையில், ஒரு துணுக்கு. அதைச் சுற்றி ஆறத் தொடங்கிய தடம். கை முறிந்தது நேற்று. இது அதற்கும் முந்தியது. ஒரு முறை மெத்தையிலிருந்து விழுந்ததாகச் சொல்லலாம். இரண்டு வெவ்வேறு நாளில், இரண்டு வெவ்வேறு இடத்தில், அந்த மெத்தை என்ன செய்யும்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றிருந்தார்.

"ஒண்ணும் இல்லல்ல தம்பி?"

காலையில் அதே கேள்விக்கு, கேட்பதற்கு முன்பே பதில் சொன்னவன் நான். இந்த இடத்தில்தான், தம்பிகளே, தங்கைகளே, நம் வேலை மிகவும் கடினம். உங்கள் முகம் பேசிவிடும். நம்ம ஆளு என்று நம்பி வந்தவர் உங்கள் முகத்தைத்தான் படிப்பார்.

"டாக்டர்தான்கா சொல்லணும். நான் பொய்யும் சொல்லக் கூடாது, நிஜமும் நான் சொல்லக் கூடாது" என்றேன்.

அவர் குழந்தையை வாங்கிக்கொண்டு, கொலுசு இரண்டையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார். கட்டி வைத்த பையை அன்று சாயங்காலம் அவிழ்க்க வேண்டியிருந்தது. குழந்தை வீட்டுக்குப் போகவில்லை.

அதன்பிறகு நடந்தது போலீஸ் வேலை, நலத்துறை வேலை. யார் செய்தது என்பது எலும்பில் எழுதியிருக்காது. எலும்புக்கு என்ன ஆனது என்பது மட்டும்தான் படத்தில் இருக்கும். வழக்கு நடக்கிறது, அதைப் பற்றி நான் எழுதக் கூடாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்தப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் இன்னும் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். இரண்டு பேரையும் அன்றே அவரவர் பெற்றோர் வந்து தூக்கிப் போய்விட்டார்கள். கணுக்கால் படம் இல்லாமல் போயிருந்தால் மறுநாள் காலை மூன்று குழந்தைகள் அங்கே இருந்திருப்பார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் சோறு இறங்காது. அதனால் அடிக்கடி நினைப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு குழந்தையையும் மேசையில் வைக்கும்போது ஒரு முறை நினைத்துக்கொள்கிறேன்.

அக்காவையும் கணவரையும் தனித்தனியாக உட்காரவைத்து விசாரித்தார்கள். விசாரித்துத்தான் ஆகவேண்டும். அந்த நாட்களில் ஒரு முறை கேண்டீனில் அவரைப் பார்த்தேன். கையில் தேத்தண்ணியோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோட்டத்திலும் செய்தி பரவியது. என் அம்மாவே போன் செய்து, நம்ம பிள்ளைக்கு நீ உதவி செய்யக் கூடாதா என்று கேட்டார். உதவிதான் செய்தேன் என்று அம்மாவுக்கு எப்படி விளக்குவது? டாக்டர் பட்டம் அந்த ஒரு வாரம் என்னிடமிருந்து பறிக்கப்பட்டது. ஒரு கல்யாணத்தில் யாரும் முழங்காலை நீட்டவில்லை. நிம்மதியாகச் சாப்பிட்டேன், ருசிக்கவில்லை.

இந்த மாதிரிப் படங்களை இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுப்பது வழக்கம். முதலில் தெரியாத முறிவுகள் ஆறும்போது தெரியும் என்பதற்காக. அந்த இரண்டு வாரத்தில் குழந்தை முதலில் வார்டிலும், பிறகு நலத்துறை அனுமதியோடு பெக்கான் நானாஸில் அக்காவின் தங்கை வீட்டிலும் இருந்தது. அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே இருந்தார்.

அவர்கள் வரும் முன்பே சலினாவிடம் சொல்லிவிட்டேன்: இவர்கள் எனக்குத் தெரிந்தவர்கள், நீதான் எடுக்க வேண்டும், நான் கூட நிற்கிறேன், அவ்வளவுதான். அவள் இடுப்பில் கைவைத்து, இதைச் சொல்ல உனக்கு இரண்டு வாரம் ஆனதா என்றாள். நியாயமான கேள்வி.

அக்கா உள்ளே வந்தார். குழந்தையின் கால் இரண்டும் வெறுமையாக இருந்தன. சலினா பாட, குழந்தை தூங்கியே போனது. இருபது படமும் எடுத்து முடித்தபோது அக்கா என் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்துப் பேசினார்.

"போலீஸ் கேட்டப்ப கூட எனக்குக் கோபம் வரல தம்பி. அன்னிக்கு நீ பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம நின்னியே. அதுதான்."

"அன்னிக்கு சாயங்காலம் சொல்லாதது தப்பில்லக்கா" என்றேன். "காலையில ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னேன்ல, அதுதான் தப்பு. அது எனக்குத் தெரியாத விஷயம். உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்னு இருந்தேன்."

போன் அடித்தது. படம் வந்ததும் பார்த்துச் சொல்லும்படி வார்டு டாக்டர் நகரத்து டாக்டரைக் கேட்டிருந்தார். சலினா எடுத்தாள். எடுத்த கையோடு ரிசீவரை என் காதருகே நீட்டினாள். மொறு மொறு என்று சத்தம் கேட்டது. பிஸ்கட்தான், சந்தேகமே இல்லை. பழைய இரண்டும் நன்றாக ஆறுகின்றன, புதிதாக ஒன்றும் இல்லை என்றார். வார்டு டாக்டரிடம் சொல்லியாயிற்று, அவர் குழந்தையின் அம்மாவைப் பார்க்கக் கீழே வந்துகொண்டிருக்கிறார் என்றும் சொன்னார்.

நான் எடுத்த எந்தப் படத்திலும், எடுக்காத எந்தப் படத்திலும், அவ்வளவு அழகான ஒரு ‘ஒன்றும் இல்லை’யைப் பார்த்ததில்லை.

வார்டு டாக்டர் வந்து அக்காவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை நானும் சலினாவும் தேவையில்லாமல் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். டாக்டர் போன பிறகு அக்கா கைப்பையைத் திறந்தார். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த கொலுசை எடுத்துச் சலினாவிடம் காட்டி, இதை இனி போடலாமா என்று மலாயில் கேட்டார்.

சலினா என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கிக்கொண்டேன்.

"எக்ஸ்ரே முடிஞ்சதுக்கா. மத்தது நீங்களும் முனியாண்டியும் பேசிக்கணும்."

அவர் கொலுசைக் கையில் வைத்து ஒரு முறை குலுக்கிப் பார்த்தார். தூக்கத்தில் குழந்தையின் உதடு அசைந்தது. மறுபடியும் கைக்குட்டையில் முடிந்து, பைக்குள் வைத்தார்.

"அவரு புரிஞ்சிக்குவாரு" என்றார். "இனி இவ அழுதா, எதுக்கு அழறான்னு எனக்குத் தெரியணும் தம்பி."